கதவைத் தட்டினால் சிகாகோ

சென்னை சபாக்களில் அமெச்சூர் நாடகக் குழுக்களுக்கு மேடை நிர்வாகம் பார்த்தவள் நான். எங்களுக்கு ராத்திரி எட்டே முக்கால் மணி என்றாலே பயம். ஏழு மணிக்கு ஆரம்பித்த நாடகம் அப்போதுதான் உச்சத்தை நோக்கி ஏறும். அதே நேரத்தில் பின்வரிசையில் நாற்காலிகள் கிறீச்சிடத் தொடங்கும். ஒருவர் எழுந்தால் பின்னாலேயே நாலு பேர் எழுவார்கள். நாடகம் பிடிக்காமல் எழுவதில்லை, பசி. நாற்பது நாள் ஒத்திகை பார்த்த நடிகர் உயிரைக் கொடுத்து வசனம் பேசும்போது, கேண்டீனில் இருந்து ரவா தோசை வாசம் வந்து அவரைத் தோற்கடித்துவிடும்.

அதனால்தான் அமெரிக்காவில் 'டின்னர் தியேட்டர்' என்ற ஒன்று இருக்கிறது, சாப்பாடும் நாடகமும் ஒரே டிக்கெட், ஒரே மேஜை என்று கேள்விப்பட்டதும் எனக்குத் தூக்கம் போயிற்று. ஆர்லாண்டோ பக்கத்தில் வேலை பார்க்கும் மகளிடம் போனில் சொல்லி வைத்தேன். நான் போய் இறங்கியதும் அவள் சொன்னாள்: "அம்மா, டிஸ்னியெல்லாம் அப்புறம். உனக்குன்னே ஒரு இடம் பார்த்து வச்சிருக்கேன். 1931-ஆம் வருஷத்து சிகாகோ. எல்லாரும் கேங்ஸ்டர். நீயும்தான்."

டின்னர் தியேட்டரைப் பற்றி முதலில் கொஞ்சம் சொல்லிவிடுகிறேன். அமெரிக்காவில் இதன் ஆரம்பம் என்று பெரும்பாலும் சொல்லப்படுவது, வர்ஜீனியா மாநிலத்தில் ஹானோவர் டாவர்ன் என்ற பழைய விடுதியில் 1953-ல் தொடங்கிய பார்க்ஸ்டேல் தியேட்டர். ஊருக்கு வெளியே இருந்த அந்த இடத்துக்கு நாடகம் பார்க்க ஜனங்கள் வரவேண்டுமானால் சாப்பாடும் போட வேண்டும் என்ற நிலைமை. 1960-களில் 'பார்ன் டின்னர் தியேட்டர்' என்று களஞ்சிய வடிவக் கட்டடங்களில் கிளைகள் பரவின. அங்கே கூடத்தின் நடுவில் உணவு மேஜைகள் இருக்கும். எல்லோரும் சாப்பிட்டு முடித்ததும் மேஜைகளை அகற்றிவிட, விட்டத்தில் இருந்து மேடையே கீழே இறங்கி வரும். இதைப் படித்தபோது, படுதா சிக்கிக்கொண்டு நாங்கள் பட்ட பாடெல்லாம் கண்முன் வந்தது. முழு மேடையையும் தினமும் இறக்கி ஏற்றிய அந்தப் பின்னரங்கத் தொழிலாளர்களை மனசாரக் கும்பிட்டேன்.

பிறகு நாடகத்தைப் பார்ப்பது மட்டும் போதாமல், பார்வையாளரையே பாத்திரமாக்கும் வகை வந்தது. ஆர்லாண்டோவை ஒட்டிய கிஸ்ஸிம்மி ஊரின் 192-ஆம் நம்பர் நெடுஞ்சாலையில் 1983-ல் 'மெடீவல் டைம்ஸ்' என்ற கோட்டை திறந்தது. அதில் நீங்கள் மத்திய கால அரசவையின் விருந்தாளி. முட்கரண்டி கிடையாது, கையால்தான் சாப்பிட வேண்டும். நமக்கு அது வித்தியாசமே இல்லை. நியூயார்க்கில் 1988-ல் வந்த 'டோனி அண்ட் டீனாஸ் வெட்டிங்' நாடகத்தில் நீங்கள் கல்யாணத்துக்கு வந்த சொந்தக்காரர், பந்தியில் உட்கார்ந்தபடி சண்டையைப் பார்க்கலாம். அதே கிஸ்ஸிம்மி நெடுஞ்சாலையில், 'கபோன்ஸ் டின்னர் அண்ட் ஷோ' என்ற இடத்தில், நீங்கள் மதுவிலக்குச் சட்டத்தை மீறத் துணிந்த குடிமகன். அங்கேதான் என்னை அழைத்துப் போனார்கள்.

நேராக உள்ளே நுழைந்துவிட முடியாது. ரகசியக் கதவு ஒன்று இருக்கிறது. தட்ட வேண்டும், கடவுச்சொல் சொல்ல வேண்டும். "அத்தை, நீங்களே தட்டுங்க" என்று மாப்பிள்ளை ஒதுங்கிக்கொண்டார். பேத்தி என் முந்தானையைப் பிடித்துக்கொண்டு, "பாட்டி, மெதுவா சொல்லு, போலீஸ் கேட்டுடும்" என்றாள். நானும் குரலைத் தாழ்த்தித்தான் சொன்னேன். அந்த இடத்திலேயே இவர்கள் ஜெயித்துவிட்டார்கள் என்பது எனக்குப் புரிந்தது. நாடகம் இன்னும் தொடங்கவில்லை, ஒரு விளக்குகூட மாறவில்லை. ஆனால் டிக்கெட் வாங்கி வந்த ஒரு கிழவி, குரலைத் தாழ்த்தி ஒரு பாத்திரமாக மாறிவிட்டாள். எங்கள் நடிகர்களுக்கு இது வருவதற்கு எத்தனை ஒத்திகை ஆகும்!

அந்தக் கதவு ஏன் என்று தெரிந்துகொண்டால் ரசனை இரட்டிப்பாகும். 1919 ஜனவரியில் அமெரிக்க அரசியல் சட்டத்தின் 18-ஆம் திருத்தம் நிறைவேறியது. மது தயாரிப்பது, விற்பது, ஓரிடத்தில் இருந்து இன்னோர் இடத்துக்குக் கொண்டு போவது எல்லாம் நாடு முழுக்கக் குற்றம். அதை நடைமுறைப்படுத்திய வோல்ஸ்டெட் சட்டம், அரை சதவீதத்துக்கு மேல் ஆல்கஹால் இருந்தாலே அது போதைப் பானம் என்றது. 1920 ஜனவரி 17-ஆம் தேதி தடை அமலுக்கு வந்தது. புரூக்ளினில் இத்தாலியக் குடும்பத்தில் பிறந்து, பின்னாளில் சிகாகோவின் தாதாவான அல் கபோன் என்ற இளைஞனுக்கு அன்றுதான் 21 வயது நிறைந்தது.

தடை வந்தது, தாகம் போகவில்லை. முடிதிருத்தும் கடைக்குப் பின்னால், பூக்கடைக்குப் பின்னால், நிலவறையில் என்று 'ஸ்பீக்ஈஸி' என்ற கள்ள மதுவிடுதிகள் முளைத்தன. கடவுச்சொல் தெரிந்தவருக்கு மட்டும் கதவு திறக்கும். டீக்கோப்பையில் மது வரும். நியூயார்க்கின் '21 கிளப்' விடுதியின் மது நிலவறைக் கதவு, செங்கல் பதித்த இரண்டரை டன் எடைச் சுவர். சுவரில் இருந்த ஒரு சின்ன இடுக்கில் மெல்லிய கம்பியை நுழைத்தால்தான் அது நகரும். அதிகாரிகள் எத்தனை முறை தேடினாலும் கண்டுபிடிக்க முடியாத செட் அது. அந்தத் தச்சரும் கொத்தனாரும் எங்கள் குழுவில் இருந்திருந்தால் என்று ஏங்கினேன்.

வேஷம் போட்டது கள்ள வியாபாரிகள் மட்டும் அல்ல. இஸ்ஸி ஐன்ஸ்டைன் என்று ஒரு மதுவிலக்கு அதிகாரி இருந்தார். அதற்கு முன் தபால் அலுவலக குமாஸ்தா. அவரும் அவருடைய கூட்டாளி மோ ஸ்மித்தும் குழிவெட்டுபவராக, வாத்தியக்காரராக, கால்பந்து ஆட்டக்காரராக வேஷம் கட்டி விடுதிகளுக்குள் நுழைந்து 4,900-க்கும் மேற்பட்டவர்களைக் கைது செய்தார்கள். இந்த இரண்டு பேரைத் தமிழ் மேடைக்குக் கொண்டுவர வேண்டும் என்று எனக்கு அடங்காத ஆசை.

நம் ஊர் வாசகர்களுக்கு மதுவிலக்கு புதிதல்ல. அமெரிக்கா 1933 டிசம்பர் 5-ஆம் தேதி தடையைக் கைவிட்டது. நாலு வருஷம்கூட ஆகாத நிலையில், 1937 அக்டோபர் 1-ஆம் தேதி, ராஜாஜி சேலம் மாவட்டத்தில் மதுவிலக்கைக் கொண்டுவந்தார். அமெரிக்காவில் நடந்ததில் ஒரு பகுதி நமக்கும் நடந்தது, இன்றும் நடக்கிறது. தொழிற்சாலை ஆல்கஹாலைக் குடிக்க முடியாதபடி செய்ய அமெரிக்க அரசு அதில் மெத்தனால் கலக்கச் செய்தது. கள்ள வியாபாரிகள் அதைத் திருடி, அரைகுறையாகச் சுத்தப்படுத்தி விற்றார்கள். குடித்தவர்கள் பார்வை போய்ச் செத்தார்கள். 1930-ல் 'ஜமைக்கா ஜிஞ்சர்' என்ற இஞ்சிச் சாறு மருந்தில் கலந்த ரசாயனத்தால் பல்லாயிரம் ஏழைகளின் கால்கள் செயலிழந்தன. 2024 ஜூனில் கள்ளக்குறிச்சியில் 60-க்கும் மேற்பட்டவர்களைக் கொன்றதும் அதே மெத்தனால்தான். 'பீஸ் நீஸ்' என்று தேனும் எலுமிச்சையும் கலந்த காக்டெய்லை இன்று ஆசையாகக் கேட்டு வாங்குகிறார்கள். அது பிரபலமானதே மட்டமான ஜின்னின் நாற்றத்தை மறைக்கத்தான் என்று சொல்வார்கள்.

உள்ளே போவோம். மேஜையில் உட்கார்ந்ததும் நான் முதலில் பார்த்தது மேடையை அல்ல, பரிமாறுகிறவர்களை. கோடு போட்ட கோட்டு, சாய்த்து வைத்த ஃபெடோரா தொப்பி, பேச்சில் பழைய சிகாகோ மிடுக்கு. தண்ணீர் ஊற்றும்போதுகூடப் பாத்திரத்தை விட்டு வெளியே வருவதில்லை. நம் மேடையில் ஒரு நடிகர் வசனம் இல்லாத நேரத்தில் கையை எங்கே வைத்துக்கொள்வது என்று தெரியாமல் தவிப்பார். இங்கே ஒருவர் கையில் நாலு தட்டை வைத்துக்கொண்டு நடிக்கிறார். சாப்பாடு இத்தாலிய-அமெரிக்க பஃபே, எத்தனை தரம் வேண்டுமானாலும் எடுத்துக்கொள்ளலாம். பெரியவர்களுக்கு பீர், ஒயின் உண்டு. நான் குளிர்பானத்தோடு நிறுத்திக்கொண்டேன்.

மேஜையும் மேடையும் ஒன்றாக ஓடுவது சாதாரண விஷயம் அல்ல. முள்ளும் கரண்டியும் தட்டில் மோதும் சத்தம் கூடத்தில் ஒரு நிமிஷம்கூட நிற்பதில்லை. அதற்கு மேலே கேட்க வேண்டுமென்றால் வசனம் சின்னதாக இருக்க வேண்டும், நகைச்சுவை கண்ணால் பார்த்தே புரிய வேண்டும். தட்டுகளை அகற்றும் நேரத்தில் பாட்டு வர வேண்டும், ஏனென்றால் பாட்டு சத்தத்தை விழுங்கிவிடும். கதையின் முடிச்சு அவிழும்போது எவர் கையிலும் கரண்டி இருக்கக்கூடாது. சமையலறையில் ஒரு தட்டு பத்து நிமிஷம் தாமதமானால் இரண்டாம் அங்கமே குலைந்துபோகும். நாங்கள் விளக்குக்கும் ஒலிக்கும் மட்டும் குறிப்பு எழுதுவோம். இங்கே அடுப்புக்கும் குறிப்பு எழுத வேண்டும். இதைத் தினமும் தவறாமல் செய்கிறவர்களை நான் சாமானியமாக எண்ண மாட்டேன்.

கதையைச் சொல்லி நீங்கள் போகிற நாளைக் கெடுக்க மாட்டேன். பாட்டு, ஆட்டம், தாதாக்கள், அவர்களை ஆட்டி வைக்கும் பெண்கள், நடுநடுவே மேஜைகளில் இருந்து இழுத்துக்கொள்ளப்படும் விருந்தாளிகள், இவ்வளவு போதும். உடையைப் பற்றி மட்டும் ஒரு வார்த்தை. இந்த மாதிரி நிகழ்ச்சிகளில் பெண்கள் முழங்கால் அளவு குட்டைப் பாவாடையும் இறகு சொருகிய தலைப்பட்டையும் அணிவது வழக்கம். அது 1926, 27-க்குப் பொருந்தும். 1931-க்குள் பாவாடை விளிம்பு நன்றாகக் கீழே இறங்கிவிட்டது. ஆனாலும் சார்ல்ஸ்டன் ஆட குட்டைப் பாவாடைதான் வசதி, கண்ணுக்கும் அதுதான் பழகியது. மேடைக்காக இதை நான் மன்னிப்பேன்.

வீட்டுக்கு வந்த பிறகுதான் எனக்கு ஆவல் அதிகமாயிற்று. மாப்பிள்ளையின் நூலக அட்டையை வாங்கிக்கொண்டு அந்தக் காலத்தைப் பற்றிப் படிக்க ஆரம்பித்தேன். படிக்கப் படிக்க ஒரு விஷயம் தெளிவானது. இந்த நிகழ்ச்சிக்காரர்கள் கேங்ஸ்டர் காலத்தை எடுத்து டின்னர் தியேட்டருக்குள் புகுத்தவில்லை. அந்தக் காலமே டின்னர் தியேட்டராகத்தான் இருந்தது. மேஜை, மது, மேடை மூன்றையும் ஒரே கூரையின் கீழ் நடத்தியவர்களே அந்தத் தாதாக்கள்தான்.

சிகாகோவின் சவுத் வாபாஷ் தெருவில் 'கொலோசிமோஸ் கஃபே' என்று ஒரு பெரிய உணவகம் இருந்தது. முதலாளி பிக் ஜிம் கொலோசிமோ, அந்த நகரத்தின் முதல் பெரிய தாதா. நல்ல இத்தாலியச் சாப்பாடு, வாத்தியக் குழு, பாடகிகள். ஓபரா உலகின் சக்கரவர்த்தி என்ரிக்கோ கரூசோவும் அங்கே வந்து சாப்பிட்டிருக்கிறார். கொலோசிமோ தன் உணவகத்தில் பாடிய டேல் வின்டர் என்ற இளம் பாடகியையே மணந்துகொண்டார். மணமாகிச் சில வாரங்களே ஆன நிலையில், 1920 மே 11-ஆம் தேதி, தன் உணவகத்தின் வாசல் அருகிலேயே சுடப்பட்டு இறந்தார். அவர் இடத்துக்கு ஜானி டோரியோ வந்தார், டோரியோவுக்குப் பின் 1925-ல் அல் கபோன். பின்னாளில் 'டாமி கன்ஸ் கராஜ்' என்ற கேங்ஸ்டர் டின்னர் தியேட்டர் அதே வாபாஷ் தெருவில், கொலோசிமோவின் உணவகம் இருந்த இடத்துக்குப் பக்கத்திலேயே நடந்தது.

நியூயார்க் ஹார்லெமில் 'காட்டன் கிளப்'. சாராயக் கடத்தல்காரர் ஓனி மேடன் 1923-ல் தன் பீரை விற்பதற்காக நடத்தத் தொடங்கிய இடம். 1927 டிசம்பரில் டியூக் எலிங்டனின் குழு அங்கே வாசிக்க ஆரம்பித்தது. அங்கிருந்து வானொலியில் ஒலிபரப்பானதால்தான் அமெரிக்கா முழுக்க அவரைத் தெரிந்துகொண்டது. மேடையில் கறுப்பினக் கலைஞர்கள், மேஜையில் வெள்ளையர்கள் மட்டும். தன் சொந்தத் தெருவில் தன் ஜனங்கள் உட்கார்ந்து கேட்க முடியாத இடத்தில் எலிங்டன் அந்த இசையைப் படைத்தார். இன்றைய எந்த வேடிக்கை நிகழ்ச்சியிலும் இதைச் சொல்வதில்லை. சொல்ல வேண்டும் என்பது என் எண்ணம்.

டெக்ஸஸ் கைனன் என்ற பெண்மணியையும் அந்தப் புத்தகங்களில்தான் கண்டுபிடித்தேன். மௌனப் படங்களில் குதிரையேறித் துப்பாக்கி பிடித்தவர். பிறகு நியூயார்க் கள்ள விடுதிகளில் விருந்தோம்பி. பணக்கார வாடிக்கையாளர்களைக் கூடத்தின் நடுவில் வைத்தே கிண்டல் செய்வார், அவர்கள் மகிழ்ந்துபோய் இன்னும் பணத்தைக் கொட்டுவார்கள். போலீஸ் வந்து விடுதிக்குப் பூட்டுப் போட்டால், இன்னோர் இடத்தில் புது விடுதி திறப்பார். அந்தப் பூட்டுகளையே மாலையாக்கிக் கழுத்தில் போட்டுக்கொண்டவர். சோதனை, கைது, நீதிமன்றம் எல்லாவற்றையும் காட்சியாக்கி, 1927-ல் பூட்டுகளின் பேரிலேயே மேடை நிகழ்ச்சி நடத்தினார். கிஸ்ஸிம்மியில் விருந்தாளிகளைச் சீண்டிச் சிரிக்க வைக்கும் பெண்ணைப் பார்த்தபோது கற்பனை என்று நினைத்திருந்தேன். அந்தப் பாத்திரத்துக்கு ரத்தமும் சதையுமாக ஒரு பாட்டி இருந்திருக்கிறார். தடை முடிவதற்குச் சரியாக ஒரு மாதம் முன்பு, 1933 நவம்பர் 5-ல், கைனன் காலமானார்.

என்னை உலுக்கியது ஜோ ஈ. லூயிஸ் என்ற கலைஞரின் கதை. சிகாகோவின் 'கிரீன் மில்' விடுதியில் பாடிக்கொண்டும் ஜோக் சொல்லிக்கொண்டும் இருந்தவர். கூட்டம் அவருக்காகவே வந்தது. அந்த விடுதியில் கபோனின் ஆள் ஜாக் மெக்கர்னுக்குப் பங்கு இருந்தது. 1927-ல் வேறொரு விடுதி அதிகச் சம்பளம் கொடுக்க முன்வந்தது. லூயிஸ் போனார். போனால் உயிரோடு இருக்க மாட்டாய் என்று மெக்கர்ன் எச்சரித்திருந்தார். நவம்பரில் ஒரு காலை, லூயிஸ் தங்கியிருந்த ஹோட்டல் அறைக்குள் ஆட்கள் புகுந்தார்கள். மண்டையை உடைத்தார்கள், தொண்டையைக் கத்தியால் கிழித்தார்கள். ஒரு பாடகனின் தொண்டையை. அவர் பிழைத்தார். பேச்சை ஒவ்வொரு சொல்லாகத் திரும்பக் கற்றார். பாட்டு திரும்பவில்லை. கரகரத்த குரலோடு முழுநேர நகைச்சுவைக் கலைஞராகி, இன்னும் பல பத்தாண்டுகள் மேடையில் நின்றார். 1957-ல் ஃபிராங்க் சினாட்ரா நடிக்க அவர் வாழ்க்கை படமாக வந்தது. ஒரு குழுவை விட்டு இன்னொரு குழுவுக்குப் போன நடிகரிடம் இரண்டு வருஷம் பேசாமல் இருந்த இயக்குநர்களை நான் பார்த்திருக்கிறேன். அங்கே அதற்குக் கத்தி. அந்த மேடைகளில் சிரித்த முகத்தோடு ஆடியவர்கள் எவ்வளவு பயத்தோடு ஆடியிருப்பார்கள் என்று நினைத்து அன்று வெகுநேரம் விழித்திருந்தேன்.

இனி, இந்த மாதிரி நிகழ்ச்சிகள் எங்கே நிற்க வேண்டும் என்பதையும் சொல்லிவிடுகிறேன். கேங்ஸ்டரைச் சிரிப்புப் பாத்திரமாக்குவதில் எனக்கு ஆட்சேபம் இல்லை. கொடியவனைப் பார்த்துச் சிரிப்பது தெருக்கூத்துக் கட்டியங்காரன் காலத்தில் இருந்தே நமக்குத் தெரிந்த மருந்து. ஆனால் 1929 பிப்ரவரி 14-ஆம் தேதி நடந்ததை வைத்துச் சிரிக்கக்கூடாது. அன்று காலை சிகாகோ நார்த் கிளார்க் தெரு 2122-ஆம் எண் கராஜில், கபோனின் எதிரி பக்ஸ் மோரனின் கும்பலைச் சேர்ந்த இடத்தில், ஏழு பேரைச் சுவரோரம் நிறுத்திச் சுட்டுக் கொன்றார்கள். வந்தவர்களில் இருவர் போலீஸ் உடையில் இருந்தார்கள், அதனால்தான் எவரும் எதிர்க்காமல் திரும்பி நின்றார்கள். வேஷத்தின் வலிமையை இப்படியும் பயன்படுத்த முடிந்திருக்கிறது. செத்தவர்களில் ஒருவர் ஜான் மே, வண்டி பழுது பார்க்க வந்த மெக்கானிக். இன்னொருவர் கண் பரிசோதகர், தாதாக்களோடு பழகுவதில் மோகம் கொண்டு அங்கே போய் நின்றவர். கட்டிப்போட்டிருந்த மெக்கானிக்கின் நாய் ஊளையிட்டதால்தான் அக்கம்பக்கத்தாருக்குத் தெரியவந்தது. கபோன் அன்று ஃபுளோரிடாவில் இருந்தார். அந்தக் கொலைகளுக்காக எவரும் தண்டிக்கப்படவில்லை.

அந்தச் சுவருக்கு நடந்தது இன்னும் மனதைச் சங்கடப்படுத்துகிறது. 1967-ல் கட்டடத்தை இடித்தபோது, கனடாவின் வான்கூவரைச் சேர்ந்த ஜார்ஜ் பேட்டி என்ற வியாபாரி அந்தச் சுவரின் செங்கற்களை வாங்கி, எண்ணிட்டு எடுத்துப்போனார். 1920-கள் பாணியில் நடத்திய தன் இரவு விடுதியில், ஆண்கள் கழிப்பறைச் சுவராக அதைத் திரும்பக் கட்டினார். வாடிக்கையாளர்களுக்கு அது வேடிக்கை. ஏழு பேர் செத்த சுவர் அது. அந்தச் செங்கற்களில் பெரும்பாலானவை இப்போது லாஸ் வேகஸில் 2012 பிப்ரவரி 14 அன்று திறந்த 'மாப் மியூசியம்' காட்சிக்கூடத்தில் இருக்கின்றன. அதுவே அவற்றுக்குத் தகுந்த இடம். கிஸ்ஸிம்மி நிகழ்ச்சி ஆட்டத்தோடும் பாட்டோடும் நின்றுகொண்டது எனக்குப் பிடித்ததற்கு இதுவும் காரணம்.

நிகழ்ச்சி நடப்பதாகச் சொல்லும் 1931-ஆம் வருஷத்திலும் ஒரு பொருத்தம் இருக்கிறது. வெளியே பொருளாதார மந்தம். சிகாகோவில் வேலை இழந்தவர்களுக்கு இலவசமாகச் சூப்பும் ரொட்டியும் கொடுக்கும் கூடம் ஒன்றைக் கபோன் தன் செலவில் நடத்திக்கொண்டிருந்தார். பசித்தவன் அவரை வாழ்த்தினான். அதே ஆண்டு அக்டோபரில் வருமான வரி வழக்கில் குற்றவாளி என்று தீர்ப்பானது. கள்ளத்தனமாகச் சம்பாதித்த பணத்துக்கும் வரி உண்டு என்று 1927-லேயே உச்ச நீதிமன்றம் சொல்லிவிட்டிருந்தது. துப்பாக்கியால் பிடிக்க முடியாதவரைக் கணக்குப் புத்தகத்தால் பிடித்தார்கள். பதினோரு வருஷத் தண்டனை, 50,000 டாலர் அபராதம். அட்லாண்டா, பிறகு அல்கட்ராஸ். சிஃபிலிஸ் நோய் மூளையைத் தின்ற நிலையில் வெளியே வந்து, மயாமி பீச்சின் பாம் தீவு வீட்டில் 1947 ஜனவரி 25-ல், 48 வயதில் இறந்தார். அந்த வீட்டை 2023-ல் இடித்துவிட்டார்கள். மேடையில் சுருட்டைப் பற்றவைத்துக்கொண்டு அட்டகாசமாகச் சிரிக்கும் தாதாவுக்கு இன்னும் சில மாதங்கள்தான் மிச்சம் என்று தெரிந்து பார்த்தால், அந்தச் சிரிப்பு வேறு மாதிரி கேட்கும்.

நம் சபா செயலாளர்களுக்கும் ஒரு வேண்டுகோள். கேண்டீன் நடத்துபவரையும் நாடக இயக்குநரையும் ஒரு நாள் எதிரெதிரே உட்கார வைத்துப் பேச விடுங்கள். நமக்குக் கதைக்குப் பஞ்சம் இல்லை. மதுவிலக்குக் கால மெட்ராஸ் இருக்கிறது, பெர்மிட் வாங்கிக் குடித்தவர்கள் இருந்தார்கள், யுத்த காலத்தில் ஊரைக் காலி செய்த 1942 இருக்கிறது, ரேஷன் அரிசியில் நடந்த கல்யாணங்கள் இருக்கின்றன. ஒரு கல்யாணப் பந்தியையே நாடகமாக்கி, டிக்கெட் வாங்கியவர்களை மாப்பிள்ளை வீட்டார், பெண் வீட்டார் என்று பிரித்து உட்கார வைத்தால் போதும், பாதி நாடகத்தை ஜனங்களே நடத்திவிடுவார்கள். இட்லி ஆறுவதற்குள் முதல் அங்கம் முடிய வேண்டும் என்ற கட்டுப்பாடு நம் நாடகாசிரியர்களுக்கும் நல்லது.

பிள்ளைகளைப் பார்க்க ஆர்லாண்டோ போகிறவர்களுக்குச் சொல்கிறேன். ஒரு சாயங்காலத்தை இதற்கு ஒதுக்குங்கள். முன்பதிவு செய்துகொண்டு, சீக்கிரமே போய்விடுங்கள், கதவு தட்டும் கட்டத்தைத் தவறவிடக்கூடாது. குழந்தைகளைத் தாராளமாக அழைத்துப் போகலாம். சைவக்காரர்கள் பஃபேயில் பாஸ்தாவைப் போட்டுக்கொள்ளும் முன் சாஸில் இறைச்சி இருக்கிறதா என்று கேட்டுவிடுங்கள். பரிமாறுகிறவர்கள்தான் நடிக்கிறார்கள், ஆகவே டிப்ஸ் கொடுப்பதில் கை சுருக்காதீர்கள். சிகாகோ பக்கம் போனால், நார்த் பிராட்வேயில் கிரீன் மில் இன்றும் திறந்திருக்கிறது, இரவில் ஜாஸ் வாசிக்கிறார்கள். லூயிஸ் பாடிய இடம் அது. வாசிக்கும்போது பேசாமல் கேளுங்கள்.